காலை வெட்டி எடுக்கும் முன் இரத்த ஓட்டத்தைப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களைக் கழுவிக் கட்டுப் போடுவதிலேயே போயிற்று. காலையில் சுற்று வரும் மருத்துவர் கட்டைப் பிரிக்கச் சொல்வார். சர்க்கரை அளவு என்ன, சீழ் வடிகிறதா, எந்த மருந்து ஏறுகிறது என்று கேட்பார். நானும் கேஸ் ஷீட்டைப் பார்த்துப் பதில் சொல்வேன். அந்தப் பாதத்துக்கு இரத்தம் போகிறதா என்ற கேள்வியை அவரும் பெரும்பாலும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. சுண்டுவிரலில் தொடங்கி, பிறகு முன்பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று படிப்படியாகக் காலை இழந்து வீடு திரும்பியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போனது என்று இப்போது நினைத்துப் பார்க்கையில், அதில் என் பங்கும் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. இக்கடிதத்தை எழுதுவதற்கு அதுவே முதற்காரணம்.

சர்க்கரை நோயாளியின் கால் புண் ஆறாமல் போவதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. நரம்பு மரத்துப் போவதால் முள் குத்தினாலும் செருப்புக் கடித்தாலும் தெரிவதில்லை. சர்க்கரை கூடியிருப்பதால் கிருமி எளிதில் பரவுகிறது. காலுக்குப் போகும் இரத்தக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதை குறுகுவதால் புண் ஆறத் தேவையான இரத்தம் வந்து சேர்வதில்லை. முதல் இரண்டையும் நம் மக்கள் ஓரளவு அறிவார்கள். மூன்றாவதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. இதயத்தில் அடைப்பு என்றால் அன்றைக்கே ஆஞ்சியோ எடுக்க ஓடுகிற அதே குடும்பம், காலில் விரல் கறுத்தால் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் தடவிக்கொண்டு இரண்டு மாதம் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே நோய், இடம்தான் வேறு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

என் மூத்த அண்ணனுக்கு 66 வயது. நெல் அரவை ஆலையில் கணக்கெழுதி ஓய்ந்தவர். 20 ஆண்டுகளாகச் சர்க்கரை. பீடியை விட்டுப் பத்தாண்டுகள்தான் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதுச் செருப்புக் கடித்து இடது காலின் சுண்டுவிரலில் புண் வந்தது. அருகிலிருந்த மருத்துவமனையில் விரலை எடுத்தார்கள். எடுத்த இடம் ஆறவில்லை. பக்கத்து விரலையும் எடுத்தார்கள், அதுவும் ஆறவில்லை. ஆறாவது வாரத்தில், "உயிர் வேண்டுமா, கால் வேண்டுமா" என்று கேட்டு, முழங்காலுக்குக் கீழே எடுப்பதற்கான ஒப்புதல் படிவத்தை அண்ணியிடம் நீட்டியபோதுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. நான் போய்ப் பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி இல்லை. பாதம் சில்லென்றிருந்தது. கட்டிலில் படுக்கவைத்தால் வெளிறியும், காலைத் தொங்கவிட்டால் செக்கச்செவேலென்றும் நிறம் மாறியது. இராத்திரியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே தூங்குகிறார் என்று அண்ணி சொன்னது, இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ நோயாளிகளின் மனைவியரிடம் நான் கேட்டு, பொருள் விளங்காமல் கடந்து வந்த வாக்கியம். படுத்தால் பாதத்துக்கு ஏறாத இரத்தம், தொங்கவிட்டால் புவியீர்ப்பின் தயவில் கொஞ்சம் இறங்குகிறது. அதனால் வலி குறைகிறது.

மருத்துவரிடம் கேட்டேன். அவர் பரிசோதனைத் தாளை எடுத்துக் காட்டினார். கணுக்கால் அழுத்த விகிதம் 1.46 என்று அதில் இருந்தது. "ஓட்டம் நன்றாகத்தானே இருக்கிறது, சிஸ்டர்" என்றார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்கு அவர் ஒருவரே நாற்பது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த எண் எப்படி ஏமாற்றுகிறது என்பதைச் சர்க்கரை நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் பார்ப்பது போலவே கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் ஒன்றை ஒட்டிய எண் வர வேண்டும். 0.9 அல்லது அதற்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது. ஆனால் நீண்ட காலச் சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரகம் கெட்டவருக்கும் குழாயின் சுவரிலேயே சுண்ணாம்பு படிந்து, அது பழைய ரப்பர் குழாயைப் போல விறைத்துவிடுகிறது. கட்டுப்பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் நசுங்காத அந்தக் குழாய், உள்ளே ஓட்டம் மிகக் குறைந்திருக்கும்போதும் உயர்ந்த அழுத்தத்தைக் காட்டும். ஆகவே 1.4க்கு மேல் வரும் எண் நல்ல செய்தியன்று. அந்தச் சோதனை முடிவு செல்லாது என்பதற்கான அறிவிப்பு. அத்தகையவர்களுக்குச் சுண்ணாம்பு அவ்வளவாகப் படியாத கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும், அல்லது ஒலியலையால் இரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவியில் ஓட்டத்தின் அலையைக் கேட்க வேண்டும். நல்ல குழாயில் அது குதிரைக் குளம்படியைப் போலத் துள்ளும். அடைப்புக்குக் கீழே காற்று வீசுவதைப் போல மந்தமாக ஒலிக்கும். பேனா அளவுள்ள முனையுடன் கையடக்கமாக வரும் அந்தக் கருவியை, ஒரு நல்ல கைபேசியின் விலைக்குள் வாங்கிவிடலாம்.

ஒப்புதல் படிவத்தில் அண்ணி கையெழுத்திடவில்லை. மறுநாள் அண்ணனைச் சென்னைக்கு அழைத்துச் சென்று இரத்தநாள அறுவை மருத்துவரிடம் காட்டினோம். பெருவிரல் அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தது. ஆஞ்சியோ படத்தில் தொடைக்குழாய் ஒழுங்காகவே இருந்தது. முழங்காலுக்குக் கீழே அது பிரியும் மூன்று கிளைகளில் இரண்டு முற்றிலும் அடைத்திருந்தன, மூன்றாவது நூலாகத் தெரிந்தது. சர்க்கரை நோயின் குணமே அதுதான். புகைப்பவருக்கு இடுப்பிலும் தொடையிலும் அடைக்கிற நோய், சர்க்கரைக்காரருக்குப் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழுள்ள சின்னக் குழாய்களில் போய் உட்காருகிறது.

அங்கே செய்த சிகிச்சையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் "காலில் ஆபரேஷன்" என்றதுமே பலரும் பின்வாங்குகிறார்கள். மயக்க மருந்து கொடுக்கவில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, அங்குள்ள தமனியில் ஊசி செலுத்தி, அதன் வழியாக மெல்லிய உறை ஒன்றைப் பொருத்தினார்கள். கத்தி போட்ட இடம் அவ்வளவுதான். அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்தித் திரையில் படம் பார்த்தபடியே, தலைமுடியைவிடச் சில மடங்கே தடித்த கம்பியொன்றை அடைப்பின் ஊடே மெதுவாக நுழைத்தார்கள். மொத்தச் சிகிச்சையின் உயிர்நாடி அந்தக் கம்பி அடைப்பைக் கடப்பதில்தான் இருக்கிறது. அண்ணனுக்கு அதற்கே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மேலிருந்து கடக்க முடியாதபோது பாதத்திலுள்ள குழாயில் ஊசி போட்டுக் கீழிருந்து மேலாகக் கம்பியைக் கொண்டு வருவதும் உண்டாம். கம்பி கடந்ததும் அதன்மேல் இரண்டரை மில்லிமீட்டர் பலூனை வழுக்கிக் கொண்டுபோய், அடைப்புள்ள இடத்தில் இரண்டு மூன்று நிமிடங்கள் விரித்து வைத்துச் சுருக்கி எடுத்தார்கள். குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் எனும் வலைக்குழலை வைக்கவில்லை. இடுப்பிலுள்ள பெரிய குழாய்களுக்கு ஸ்டென்ட் நன்றாக நிலைக்கிறது. முழங்கால் மடங்கும் இடத்தில் வைத்தால் மடங்கி மடங்கி முறிந்துபோகக் கூடும். அதற்கும் கீழே பெரும்பாலும் பலூன்தான் என்று மருத்துவர் விளக்கினார். அண்ணன் முழு நேரமும் விழித்திருந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்று மாலை கட்டைப் பிரித்தபோது புண்ணின் விளிம்பில் இரத்தம் கசிந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆறு வாரங்களாகச் சாம்பல் நிறத்தில் கிடந்த புண் அது. சுரண்டினாலும் இரத்தம் வராமல் இருந்தது. நல்ல சதை தக்காளி நிறத்தில் மணிமணியாக ஏறி, புண் முழுதும் மூட நான்கு மாதங்கள் ஆயின. ஏழாம் மாதத்தில் அதே குழாய் மீண்டும் சுருங்கியது. ஆனால் அதற்குள் புண் ஆறிவிட்டிருந்ததால் மறுபடி பலூன் தேவைப்படவில்லை. இந்த இடத்தைப் பலர் புரிந்துகொள்வதில்லை. ஆறிய தோலைக் காப்பாற்ற வேண்டிய இரத்தம் குறைவு. திறந்த புண்ணை ஆற்றத் தேவைப்படும் இரத்தம் பல மடங்கு அதிகம். ஆகவே சில மாதங்களுக்கு மட்டும் திறந்திருக்கும் குழாய்கூட ஒரு காலைக் காப்பாற்றப் போதுமானதாக இருக்கலாம். "பலூன் வைத்தாலும் திரும்ப அடைத்துவிடும், வீண் செலவு" என்று ஊரில் சொல்லப்படுவது அரை உண்மைதான்.

இது புதிய சிகிச்சையுமன்று. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், விரல்கள் அழுகிய நிலையில் காலை எடுக்க மறுத்த 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைக்குழாய்ச் சுருக்கத்தை, கதிரியக்க மருத்துவரான சார்லஸ் டாட்டர் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடிக்கும் குழல்களைச் செலுத்தி அகலப்படுத்தினார். அந்த அம்மையாரின் கால் பிழைத்தது. தன் கால்களில் நடந்தே மீதிக் காலத்தைக் கழித்தார். அறுவை மருத்துவர்கள் பலர் அதை நம்பவில்லை. படம் மட்டும் எடுத்தால் போதும், சரிசெய்ய முயல வேண்டாம் என்று எழுதி டாட்டரிடம் நோயாளியை அனுப்பியவர்களும் உண்டு. குழல்களுக்குப் பதிலாகப் பலூனை 1974இல் காலின் குழாய்களில் பயன்படுத்தியவர் சூரிச்சில் பணியாற்றிய ஆந்திரியாஸ் குருன்சிக்; அவரே 1977இல் அதை இதயக் குழாய்க்குக் கொண்டு சென்றார். அதாவது நம் மக்கள் இதயத்தோடு மட்டும் சேர்த்து அறிந்திருக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, முதலில் காலுக்குச் செய்யப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் காலுக்கு அப்படியொரு சிகிச்சை உண்டா என்று கேட்பவர்கள் நம்மூரில்தான் எத்தனை பேர்!

இவ்வளவு சொன்னதால் எல்லோருக்கும் பலூனே மருந்து என்று நான் வாதாடுவதாகக் கொள்ள வேண்டாம். காலிலிருந்தே நல்ல சிரை ஒன்றை எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவை இன்னமும் தன் இடத்தை இழக்கவில்லை. 1,830 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், தரமான ஒற்றைச் சிரை கிடைத்தவர்களுக்குப் பைபாஸே மேலான பலன் தந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனிலிருந்து வந்த பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரிடம், முதலில் பலூன் சிகிச்சை பெற்றவர்களே காலோடும் உயிரோடும் அதிகம் எஞ்சினர் என்று சொன்னது. இரண்டும் முரண்படுவது போலத் தோன்றினாலும் எனக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது: எந்தக் காலுக்கு எது என்பதை முடிவு செய்ய, இரண்டையும் அறிந்தவர் அந்தக் காலைப் பார்த்தாக வேண்டும். இரண்டில் எதையுமே யோசிக்காமல் மூன்றாவது வழிக்கு, அதாவது இரம்பத்துக்கு, நேரே போவதை எந்த ஆய்வும் பரிந்துரைக்கவில்லை.

மறுபக்கத் தவறும் நடக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் இரண்டு மூன்று நிமிடங்களில் விட்டுப்போகிற வலியோடு மட்டும் வருபவருக்கு, படத்தில் சுருக்கம் தெரிகிறது என்பதற்காகவே உடனே பலூனும் ஸ்டென்டும் வைத்து அனுப்பும் போக்கு வருத்தத்துக்குரியது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாரம் மூன்று நாள், வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரங்கள் செய்தாலே நடக்கும் தூரம் கூடும். அதோடு இரத்தம் உறைந்து கட்டியாவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், புகையிலையை அடியோடு விடுதல். இவை காலுக்கு மட்டுமானவையல்ல: காலில் அடைப்புள்ளவர்களின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மாரடைப்பும் பக்கவாதமும்தான். பீடி சுற்றும் ஊர்களிலும் பீடி பிடிக்கும் ஊர்களிலும் முப்பது நாற்பது வயது ஆண்களுக்கு வரும் பர்ஜர் நோயில், அதாவது புகையிலையால் கை கால்களின் சின்னக் குழாய்கள் அழற்சியுற்று அடைத்துப்போகும் நோயில், பலூன் பெரிதாக உதவுவதில்லை. பீடியை விட்டால் கால் நிற்கும், விடாவிட்டால் விரல் விரலாகப் போகும். வார்டில் ஒரு காலை எடுத்த பிறகும் கழிப்பறைக்குள் போய்ப் பற்றவைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

திடீரென்று ஒரு கால் சில்லிட்டு, வெளிறி, மரத்து, அசைக்க முடியாமல் போனால் அது வேறு கதை. இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்று பொருள். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அதை அகற்றாவிட்டால் சதை மீளாது. வாயு, சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து இரவைக் கழிக்காமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இனி அரசிடம் நான் வேண்டுவதைச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் அந்நோய் இருப்பவர்களின் விகிதம் தேசியச் சராசரியைவிட அதிகம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கென்றே பாதம் பாதுகாப்போம் என்ற திட்டமும் வந்திருக்கிறது. அடித்தளம் நம்மிடம் இருக்கிறது என்பதால்தான் கேட்கிறேன். வீட்டுக்கு வரும் அந்த ஊழியருக்குப் பாதத்தின் இரண்டு நாடிகளையும் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுக்க அரை நாள் போதும். நாடி கிடைக்காதவரைத் தாலுகா மருத்துவமனைக்கு அனுப்பினால், அங்கே கையடக்க டாப்ளரும் பெருவிரல் அழுத்தம் பார்க்கும் பட்டையும் இருக்க வேண்டும்; அவற்றை இயக்க மருத்துவர் தேவையில்லை, பயிற்சி பெற்ற செவிலியர் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விபத்து அல்லாத காரணத்துக்காகக் கணுக்காலுக்கு மேலே காலை எடுக்கும் எந்த மருத்துவமனையும், அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், அந்தக் காலின் இரத்த ஓட்டச் சோதனை முடிவையும் இரத்தநாள மருத்துவர் ஒருவரின் கருத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகே கத்தியை எடுக்க வேண்டும் என்று அரசாணை பிறப்பிக்க வேண்டும். சீழ் பரவி உயிருக்கே ஆபத்தாகும் நோயாளிக்குக் காத்திருக்க நேரமில்லை என்பதை அறிவேன். அவருக்குச் சீழை உடனே திறந்து வெளியேற்றிவிட்டு, உயிர் நிலைபெற்றதும் ஓட்டத்தைப் பார்த்து, எந்த மட்டத்தில் எடுப்பது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். எடுத்தே தீர வேண்டிய காலுக்கும் இது பொருந்தும்; மேலே ஓட்டத்தைச் சரிசெய்தால் முழங்காலுக்கு மேல் எடுக்க வேண்டியது முழங்காலுக்குக் கீழே நின்றுவிடக் கூடும். முழங்கால் மிஞ்சியவர் செயற்கைக் கால் பொருத்தி வயலுக்குப் போகிறார். அதை இழந்தவர் பெரும்பாலும் திண்ணையோடு நின்றுவிடுகிறார். இரத்தநாள மருத்துவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருக்கிறார்கள் என்பது உண்மையான இடர்ப்பாடுதான். ஆனால் புண்ணின் படத்தையும் டாப்ளர் முடிவையும் சென்னை மருத்துவக் கல்லூரியின் இரத்தநாள அறுவைத் துறை போன்ற இடத்துக்கு அனுப்பி, அன்றைக்கே தொலைவழிக் கருத்துப் பெற இன்று கைபேசியே போதும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். கடந்த ஐந்தாண்டுகளில் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் சர்க்கரை நோயால் கணுக்காலுக்கு மேலே எடுக்கப்பட்ட கால்கள் எத்தனை, அவற்றுள் முன்னதாக டாப்ளரோ ஆஞ்சியோவோ பார்க்கப்பட்டவை எத்தனை என்ற இரண்டே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, வரும் பதிலை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். பதிவேட்டில் இரண்டாவது கேள்விக்கான கட்டமே இல்லை என்று பதில் வந்தால், அதையும் அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்.